பாலிகஞ்சில் பத்து வாரம்

சென்னையிலிருந்து காலை ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்பதே காலுக்குக் கொல்கத்தாவில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இறங்குவதற்குக் கீழே ஊரே இல்லை. யன்னல் முழுக்க வெண்மை. மூடுபனி கலையும்வரை வானத்திலேயே சுற்றிக்கொண்டிருப்போம் என்று விமானி அறிவித்தார். நாற்பது நிமிடம் சுற்றினோம். பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் தூங்குவதுமாக இருந்தார். நான் தூங்கவில்லை. ஆனாலும் அன்று தொடங்கிய பத்து வாரமும் பாதித் தூக்கத்தில் நடந்தவை போலத்தான் இப்போது நினைவில் இருக்கின்றன.

என் பெயர் ஆரணி. யாழ்ப்பாணத்திலிருந்து போனேன். அப்போது வயது பதினாறு. சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பு தொடங்குவதற்கு இடையில் சில மாதங்கள் சும்மா கிடந்தன. எங்கள் பாடசாலைக்கும் கொல்கத்தா பாலிகஞ்சிலுள்ள ஒரு பெண்கள் பள்ளிக்கும் இடையே மாணவர் பரிமாற்ற ஏற்பாடு ஒன்று இருந்தது. பத்து வாரம் அங்கே பதினோராம் வகுப்பில் இருந்து படிக்கலாம். வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டிலேயே தங்கலாம். "தமிழ்க் குடும்பமாம், பிறகென்ன பயம்" என்று சொல்லி அம்மா அனுப்பிவைத்தார்.

பத்தே காலுக்கு வெளியே வந்தேன். என் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைத் தலைக்கு மேலே பிடித்தபடி, என் உயரமே இருந்த ஒரு பெண் நின்றாள். அவள் வெண்ணிலா. பக்கத்தில் அவளுடைய அப்பா செல்வகுமார் அங்கிள். தூத்துக்குடிக்காரர். கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு, வெண்ணிலாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது மாற்றலாகி இங்கே வந்தவர்கள்.

"வாம்மா, வா. பனியில ரொம்ப அலைக்கழிச்சுட்டானா?" என்றார் அங்கிள்.

"ஓம் அங்கிள். கனநேரம் மேலயே நிண்டது."

வெண்ணிலா என்னை உற்றுப் பார்த்தாள். "நீ பேசறது தமிழா?"

"ஓம்."

"ஓம்னா? சாமிக்குச் சொல்லற ஓமா?"

"ஆமாம் எண்டது."

அவள் சிரிக்கத் தொடங்கி, மஞ்சள் டாக்சியில் ஏறிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். விமான நிலையத்திலிருந்து லேக் கார்டன்ஸுக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர். முன்கூட்டியே கட்டணம் கட்டும் சாளரத்தில் ஐந்நூற்று இருபது ரூபாய் வாங்கினார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டார். வெண்ணிலா சொன்னாள். அவர் இலங்கையைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை. "வீட்டிலிருந்து கடல் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது, ஆனால் காற்றில் உப்பு வரும் என்றேன். வெண்ணிலா அதை வங்காளத்தில் சொன்னதும், தனக்கே ஏதோ கிடைத்துவிட்டதுபோல் தலையாட்டிக்கொண்டு வழி முழுதும் ஓட்டினார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழு பன்னிரண்டு ரயில்.

லேக் கார்டன்ஸிலிருந்து பாலிகஞ்ச் அடுத்த நிலையம்தான். மூன்று கிலோமீட்டர், ஐந்து ரூபாய், ஆறு நிமிடம். அங்கிளின் அலுவலகம் எதிர்த்திசையில், மாஜேர்ஹாட் பக்கம். அதனால் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேரும் ஒன்றாக நடந்து வந்து, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நின்றோம். எதிர் நடைமேடையில் அவர் மப்ளர் சுற்றிய ஒரு நிழலாகத் தெரிந்தார். எங்கள் ரயில் வரும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெண்ணிலா ஒருமுறைதான் திருப்பி ஆட்டினாள். "தெனமும் இப்படித்தான் பண்ணும். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாக்கறான்" என்றாள்.

வங்காள மொழியில் ஆண்பால் பெண்பால் இல்லை. அதனால் அவளுடைய தமிழில் அப்பா 'வந்துச்சு', தோழிகள் 'பாக்கறான்', ஒரு நாள் அவளுடைய அம்மாவே 'கடைக்குப் போயிட்டான்'. பேசுவாளே தவிர, தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வீட்டுப் பூசை அறையில் தொங்கிய தமிழ் நாட்காட்டியில் இலக்கங்களை மட்டும் பார்ப்பாள்.

மகளிர் பெட்டியில் ஆரஞ்சுக்காரி ஒருத்தி, ஊசி விற்பவள் ஒருத்தி, உட்கார்ந்தபடியே தூங்கும் வீட்டு வேலைப் பெண்கள் பலர். பாலிகஞ்சில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடை. தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. எதிரே வருகிற ஆள் பத்தடி தூரத்தில்தான் முகம் பெறுவார். பள்ளி வாசல் வந்ததே எனக்குத் தெரியவில்லை. பனிக்குள் எங்கிருந்தோ முந்நூறு பிள்ளைகள் பாடும் சத்தம் முதலில் வந்தது. பிறகு படிகள் வந்தன. பிறகு பச்சைக் கதவுகள்.

எங்கள் பாடசாலையில் ஆசிரியர் வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, அவர் இருக்கச் சொன்ன பிறகுதான் இருப்போம். இங்கே வகுப்பாசிரியை உள்ளே வந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு நேற்றைய விவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அவரை 'ஸ்வப்னாதி' என்றே அழைத்தார்கள். ஸ்வப்னா அக்கா என்று பொருள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை" என்றாள். நான் அச்சத்தில் குனிந்துகொண்டேன். ஸ்வப்னாதி மகிழ்ச்சியாக நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என் பெயர் முதல் மணி நேரத்திலேயே 'ஆரோனி' ஆகிவிட்டது. வெண்ணிலா அங்கே எப்போதோ 'வெனிலா' ஆகியிருந்தாள். இடைவேளையில் நாற்பது சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கும்; எது யாருடையது என்று ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. சிரிப்பு வங்காளத்தில் நடந்தது. புரியாத பேச்சுக்கு நடுவில் நாள் முழுக்க இருப்பது தண்ணீருக்கு அடியில் இருப்பது போன்றது. ஒலிகள் எல்லாம் உருண்டையாகி வருகின்றன. ஆரம்பத்தில் தலை வலித்தது. இரண்டாவது வாரத்தில் அந்த உருண்டைகள் பிடித்துப்போயின. யாரும் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒரு சுகம் அதில் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு காலை ஆறரைக்கு வெண்ணிலா என்னை ஏரிக்கு அழைத்துப் போனாள். ரவீந்திர சரோவர், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மண் குவளையில் தேநீர் பத்து ரூபாய். மூடுபனிக்குள் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு நீளமான படகு, நான்கு பேர், ஒரே அசைவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் இல்லாமல் போனது.

"சரஸ்வதி பூஜை தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஏன் தெரியாது? நவராத்திரியில செய்வம்."

"இங்க இப்பதான். இன்னும் ரெண்டரை வாரம். ஸ்கூல்ல பூஜை முழுக்க லெவன்த் பண்ணணும். டீச்சர் யாரும் கை வைக்க மாட்டான். நான்தான் செக்ரெட்டரி." தேநீரைக் குடிக்காமல் பேசிக்கொண்டே போனாள். வாசலிலிருந்து மேடை வரைக்கும் அரிசி மாவுக் கரைசலில் அவள் ஆல்போனா போடப்போகிறாள். எங்கள் கோலம் போன்றது, ஆனால் புள்ளி கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் யார் யார் பக்கத்தில் இருப்பது, கல்லூரிக்கு எந்தத் தெரு, அங்கே போக எந்த பஸ் என்பதுவரை அவளும் மூன்று தோழிகளும் தீர்மானித்துவிட்டார்கள். "நான் இந்த ஊரை விட்டு எங்கயும் போக மாட்டேன் ஆரோனி. ப்ராமிஸ்." யாரும் அவளைப் போகச் சொல்லியிருக்கவில்லை. எதற்கு எனக்குச் சத்தியம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. ஜெயா ஆன்ட்டி, வெண்ணிலாவின் அம்மா, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். அங்கிள் குளித்துக்கொண்டிருந்தார். வெண்ணிலா அவருடைய கைபேசியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"படி."

"என்ன இது?"

"பெரியப்பாவுக்கு எழுதினது. ஒரு வாரமா அப்பாவும் அம்மாவும் ரூமுக்குள்ள குசுகுசுன்னு பேசறான். நான் போனா நிறுத்தறான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தமிழ்ல எழுதுது. நீ படி, ப்ளீஸ்."

பார்க்கக் கூடாது என்று தெரியும். ஆனால் தெரிந்த எழுத்தைக் கண் பார்த்துவிட்டால் வாசிக்காமல் இருக்க வழியில்லை. நெடுநாளாக நான் காணாத எழுத்துப்போல அது என் கண்ணுக்குள் பாய்ந்தது. *அண்ணே, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துட்டு. ஏப்ரல்ல நம்ம தூத்துக்குடி.* இன்னும் சில வரிகள் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன்.

"என்ன எழுதியிருக்கு?"

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"ஒரு கலியாண வீடு. போறதோ விடுறதோ எண்டு கேட்டிருக்கிறார்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் என்னென்னவோ நெனச்சு ரெண்டு நாளா தூங்கல. தூர்!" என்று வங்காளத்தில் தன்னையே கடிந்துகொண்டு, கைபேசியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். அன்று இரவு தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன். ஜெயா ஆன்ட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே. வீட்டு நினைப்பா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் லேக் மார்க்கெட் பக்கம் சாமான் வாங்கப் புறப்பட்டபோது நானும் வருகிறேன் என்றேன். அங்கே தமிழர் மளிகைக் கடைகள் உண்டு. முருங்கைக்காய், நல்லெண்ணெய், அப்பளம் எல்லாம் கிடைக்கும். ஒரு கடையில், "அண்ணை, கறிவேப்பிலை இருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரர் அங்கிளிடம், "மலையாளத்துப் பொண்ணுங்களா சார்?" என்றார். தமிழ் என்று அங்கிள் சொல்லியும் நம்பவில்லை. கட்டு ஐந்து ரூபாய் கறிவேப்பிலையைச் சும்மாவே கொடுத்து, "இன்னொரு தடவை பேசும்மா, கேப்போம்" என்றார். அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் பிறகு சொல்லமாட்டேன் என்று தோன்றியது. தெருமுனையில் நின்றேன்.

"அங்கிள், நான் ஒரு பிழை விட்டிட்டன். நீங்கள் உங்கட அண்ணைக்கு எழுதின மெசேஜை வாசிச்சிட்டன். வெண்ணிலா வாசிக்கச் சொல்லிக் கேட்டவள். அவளுக்குப் பொய் சொல்லிட்டன்."

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கோபம் வரும் என்று நின்றேன், வரவில்லை.

"நீ வாசிப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார் மெதுவாக. "தமிழ்ல எழுதிட்டா பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்ட மாதிரின்னு பழகிப்போச்சும்மா."

"சொல்லுங்கோ அங்கிள். அவள் அடுத்த வருசத்துக்கு எல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறாள்."

"தெரியும். அதான் வாய் வரல. பூசை முடியட்டும், நானே சொல்லுதேன். அதுவரைக்கும்..." என்று நிறுத்தினார். அதுவரைக்கும் பொய்யாகவே இரு என்று ஒரு விருந்தாளிப் பிள்ளையிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும்.

அந்த வாரம் ஜெயா ஆன்ட்டி எங்கள் இருவரையும் கரியாஹாட்டுக்குக் கூட்டிப்போனார். பூசையன்று பெண் பிள்ளைகள் எல்லோரும் மஞ்சள் சேலை கட்ட வேண்டும். நடைபாதை முழுக்க மஞ்சள். கடைக்காரர் எண்ணூறு சொன்னதை ஆன்ட்டி ஐந்நூற்று ஐம்பதுக்கு இறக்கினார். பத்து நிமிடப் பேச்சில் மூன்று முறை போவதுபோல் திரும்பினார். வெண்ணிலா சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தபோது ஆன்ட்டி முகத்தைத் திருப்பி, வாங்கப்போகாத தலையணை உறைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நானும் அவரும் ஒரே விஷயத்தை அறிந்து, ஒருவருக்கொருவர் அறியாததுபோல் நின்றோம்.

பூசைக்கு முந்தைய நாள் பாடம் இல்லை. பிள்ளைகள் காகிதப் பூ வெட்டினார்கள், பழம் கழுவினார்கள். சரஸ்வதி வெள்ளை வெளேரென்று அன்னத்தோடு மேடைக்கு வந்துவிட்டாள். முகத்தை மட்டும் செய்தித்தாளால் மூடியிருந்தார்கள். கூடை நிறைய இலந்தைப்பழம். பூசைக்கு முன் தின்றால் பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்பது இங்குள்ள பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை. நான் தெரியாமல் ஒன்றை வாயருகே கொண்டுபோனதற்கு நான்கு பேர் அலறினார்கள்.

வெண்ணிலா மதியத்திலிருந்து தரையில் முழந்தாளிட்டு வரைந்துகொண்டிருந்தாள். துணித்துண்டை மாவுக் கரைசலில் நனைத்து விரலிடுக்கில் பிடித்தால் வெள்ளைக் கோடு நடுவிரல் வழியே வழிந்து வருகிறது. கொடி, இலை, தாமரை, மீன். வாசலில் தொடங்கி மண்டபத்தின் நடுவரை வந்துவிட்டாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். ஈரமாக இருக்கும்போது கோடு தெரியாது. காயக் காயத்தான் தரையிலிருந்து மேலே வரும். ஏதோ அடியில் ஏற்கெனவே இருந்தது இப்போது மிதந்து எழுவதுபோல.

நான்கு மணிக்கு ஸ்வப்னாதி வந்தார். இடுப்பில் கை வைத்து அந்தத் தாமரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார், உண்மையான வருத்தத்தோடு: "அடுத்த வருடம் நீ இல்லாமல் இதை யார் போடப்போகிறார்கள்? உன் அப்பா சான்றிதழ்களுக்காக நேற்று வந்து பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை."

வெண்ணிலாவின் கை நின்றது. வெள்ளைச் சொட்டு ஒன்று கோட்டுக்கு வெளியே விழுந்தது.

ஸ்வப்னாதிக்கு உடனே புரிந்துவிட்டது. "உன்னிடம் இன்னும்..." என்று குனிந்தார். வெண்ணிலா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ படிச்ச" என்றாள் தமிழில். "அன்னிக்கு. கல்யாணம்னு சொன்ன."

அவள் துணித்துண்டைக் கிண்ணத்துக்குள் போட்டாள். மாவுக் கையோடு பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை தன் கோட்டை மிதிக்காமல், ஓரமாகவே நடந்து போனாள்.

ஐந்து மணிக்கு நான் தனியாக பாலிகஞ்ச் நிலையத்தில் நின்றேன். கொல்கத்தாவில் நான் தனியாக ஏறிய முதல் ரயில் அது. கூட்டம் தள்ளியது, ஏறினேன். பாலிகஞ்சுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது என்பது எனக்கு நினைவில்லை. ரயில் வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நேரே போனது. பக்கத்திலிருந்த அம்மாவிடம், "லேக் கார்டன்ஸ்?" என்றேன். அவர் என் கன்னத்தில் கை வைத்து, "ஆஹா ரே!" என்றார், ஐயோ பாவம் என்பதுபோல. அடுத்த நிலையம் வந்ததும் தன் உடம்பாலேயே கூட்டத்தைப் பிளந்து எனக்கு வழி செய்து இறக்கிவிட்டார். பலகையில் டாகூரியா என்றிருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. வேறு யாரை அழைப்பது? வெண்ணிலாவை அழைத்தேன்.

"எங்க இருக்க?" என்றாள். சொன்னேன்.

"அங்கயே நில்லு. அசையாத." அவ்வளவுதான்.

இருபத்தைந்து நிமிடத்தில் வந்தாள். சீருடை மாற்றவில்லை. விரல்களில் மாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முன்னால் நடந்தாள்; நான் பின்னால். நிலையத்திலிருந்து ஏரி கிட்டத்தான். அதன் கரையோரமாகவே லேக் கார்டன்ஸுக்குப் போய்விடலாம். தண்ணீருக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டத்தை வைத்துக்கொண்டு நின்றன. மூன்று வட்டம் கடந்த பிறகு அவள் பேசினாள்.

"வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாத ஒரு ரூம் இருக்கற மாதிரி. நீங்க எல்லாரும் அதுக்குள்ள போய் கதவ மூடிக்கறீங்க. நீயும் போன. வந்து ரெண்டு வாரத்துல."

"நான் பயந்திட்டன் வெண்ணிலா. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவாய் எண்டு."

"பயம் உனக்கு. உடையறது நானு. அப்ப யார் தீர்மானிக்கணும்?"

"பிழைதான்" என்றேன்.

இன்னொரு வட்டம் கடந்தோம். அவள் நின்றாள்.

"அதுல என்ன இருந்துச்சு? முழுசா சொல்லு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

மாற்றத் தேவையே இல்லை. இரண்டு வாரமாக அது எனக்குள் பாடமாகிக் கிடந்தது. சொன்னேன்.

"அண்ணே, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துட்டு. ஏப்ரல்ல நம்ம தூத்துக்குடி. வெண்ணிலாவுக்கு அங்க பள்ளிக்கூடத்துல சீட் கேட்டு வையிங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன், நடக்கல. அவகிட்ட இன்னும் சொல்லல. பூசை முடியட்டும். பதிமூணு வருசம் இங்க வளந்த பிள்ளை. அவ முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியல."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துச்சா, அப்பா?"

"ஓம்."

"தெரியலன்னு எழுதிச்சா?"

"ஓம்."

அப்போதுதான் அழுதாள். மாவுக் கையால் முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் வெள்ளையாயிற்று. வீட்டுக்குப் போனபோது அங்கிள் செருப்புக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்வப்னாதி தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குரியதும் இல்லை.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு அவள் என்னை எழுப்பினாள். "வா. பாதி ஆல்போனா பாக்கி." கண் வீங்கியிருந்தது. மஞ்சள் சேலையை ஆன்ட்டி இருவருக்கும் கட்டிவிட்டார். எனக்கு நடக்கவே வரவில்லை. முதல் ரயிலில் மஞ்சள் சேலைப் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பனிக்குள் அந்தப் பெட்டி மட்டும் விளக்கு ஏற்றியதுபோல் ஓடியது. ஏழு மணிக்குள் கொடி மேடையைத் தொட்டது. சிந்திய சொட்டை அவள் அழிக்கவில்லை. அதைச் சுற்றி இதழ் வரைந்துவிட்டாள்.

பூசையன்று யாரும் எழுதக் கூடாது, வாசிக்கக் கூடாது. புத்தகமெல்லாம் சரஸ்வதியின் காலடியில். என் இரசாயனவியல் குறிப்பேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று எழுதலாம் என்பது ஒரே ஒரு கூட்டத்தாருக்குத்தான்: இன்னும் எழுதத் தொடங்காத சின்னப் பிள்ளைகளுக்கு. எங்கள் ஊரில் விஜயதசமிக்கு ஏடு தொடக்குவதுபோல இங்கே இன்றைக்குச் சிலேட்டும் சுண்ணக்கட்டியும் கொடுத்துக் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்கிறார்கள். பதினொரு மணிக்கு அக்கம்பக்கத்து வீடுகளின் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் வரிசையாகச் சப்பணமிட்டு இருந்தார்கள். பெற்றோர் பின்னால் நின்றார்கள். அங்கிளும் ஆன்ட்டியும் வந்திருந்தார்கள்.

ஒன்பதாவது இடத்தில் வெண்ணிலா போய் உட்கார்ந்தாள்.

மண்டபம் சிரித்தது. பூசாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "உனக்கு எத்தனை வயது அம்மா?" என்று வங்காளத்தில் கேட்டார். "பதினாறு. ஆனால் என் அப்பாவின் மொழியில் இன்னும் பிறக்கவில்லை" என்றாள். பூசாரிக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். ஒரு சிலேட்டை எடுத்து நீட்டினார். பிறகு, "எனக்கு அந்த எழுத்து வராதே" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

வெண்ணிலா பின்னால் திரும்பினாள். "அப்பா, வா."

அங்கிள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்தார். 'அ'வின் சுழி நசுங்கி, வால் சிலேட்டின் மரச்சட்டத்தில் போய் முட்டியது.

"இனிமே என்னை மறைச்சு ஒண்ணும் எழுத முடியாது, தெரிஞ்சுக்கோ" என்றாள். குரலில் கோபம் இன்னும் இருந்தது.

"எழுத மாட்டேன்டி" என்றார் அவர். "எழுத மாட்டேன்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு தானாக இன்னொரு முறை எழுதிப் பார்த்தாள். அது இன்னும் மோசம். பக்கத்திலிருந்த மூன்று வயதுக்காரன் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

பிறகு வந்த ஐந்து வாரமும் வேகமாகப் போயின. பனி மெலிந்து வெயிலானது. இலவ மரங்கள் இலையின்றிச் சிவந்தன. அவள் தூத்துக்குடிக்குப் போகத்தான் வேண்டும் என்பது மாறவில்லை. விடுதியில் விட்டுப் போகலாமா என்று மூன்று பேரும் ஒரு வாரம் பேசினார்கள். இம்முறை கூடத்தில், சத்தமாக, அவள் முன்னால். கடைசியில் அவளே, "வேண்டாம், நானும் வர்றேன்" என்றாள். நல்ல முடிவா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு விமான நிலையம். டாக்சி இம்முறை ஐந்நூற்று நாற்பது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வெண்ணிலா என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"புது ஸ்கூல்ல முதல் நாள் என்ன பண்ணணும்? நீ போயிருக்க இல்ல, சொல்லு."

என்னிடம் யாரும் அப்படி ஒரு நிபுணத்துவத்தை எதிர்பார்த்ததில்லை. யோசித்துச் சொன்னேன்: "யன்னல் பக்கம் இருக்காதை. இருந்தா நாள் முழுக்க வெளியாலயே பாத்துக்கொண்டிருப்பாய். நடுவில இரு. சாப்பாடு நீட்டினா வேண்டாமெண்டு சொல்லாதை. விளங்காட்டிச் சிரிக்காதை, விளங்கேல்லை எண்டு சொல்லு."

"அழுகை வந்தா?"

"வந்தா அழு. ஒருத்தரும் சாகேல்லை."

விமானம் எழுந்தபோது கீழே ஊர் முழுதாகத் தெரிந்தது. ஆறு, பாலங்கள், செங்கல் நிறக் கூரைகள். வந்த அன்று காணாததை எல்லாம் போகும்போது காட்டியது. நான் அந்நிய நாட்டில் படித்தவள் என்று ஊரில் சொல்லப்போகிறார்கள். ஆனால் பத்து வாரமும் என் பெட்டிக்குள் திரும்பிவரும் பயணச்சீட்டு இருந்தது. அது இருந்ததால்தான் புரியாத பேச்சும் பனியும் எனக்குக் கனவுபோல் இனித்தன. வெண்ணிலா தன் நாட்டுக்குள்ளேயே, தன் தாய்மொழி பேசுகிற ஊருக்குப் போகிறாள். அவளுக்குச் சீட்டு ஒருவழிதான்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு தொடங்கி இரண்டு வாரமாகியிருந்தது. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததும் தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாச் சொல்லும் விளங்கியது. அதுவே ஒரு இரைச்சலாக இருந்தது. என் பழைய இடத்தை இரண்டாவது வரிசையில் பிடித்து வைத்திருந்தார்கள். யன்னலோரம் தெரியாத ஒரு பெண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முல்லைத்தீவிலிருந்து உயர்தரத்துக்கு வந்து சேர்ந்தவளாம். பெயர் என்னவென்று கேட்டேன். தோழிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு வாரம் ஆகியிருந்தது; யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன வருடம் என்றால் எனக்கும் தெரிந்திருக்காது.

பையை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனேன்.

"கொஞ்சம் தள்ளி இரும், நானும் இதில இருக்கப்போறன்" என்றேன்.